யாரும் துரத்தாத ஓட்டம்

செல்வி, பாபு,

உங்கள் இருவரிடமும் அம்மா ஒரு பொய் சொன்னாள். நைனா ஸ்பெஷல் வண்டி எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போயிருக்கிறார், வர நாளாகும் என்றாள். பாபு, நீ லட்டு வரும் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் திருப்பதிக்குப் போகவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். விட்டிருந்தாலும் அம்மா உங்களைக் கூட்டி வந்திருக்க மாட்டாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, உதடு கிழிந்திருந்தது, மூக்கில் குழாய். இதுதான் உங்கள் அப்பன் என்று யாராவது சொல்லியிருந்தால் நீங்கள் அழுதுகொண்டே ஓடியிருப்பீர்கள்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. ஆனால் தெருவில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். செல்வி, உன் வகுப்புப் பெண் ஒருத்தி, உங்க நைனா ஒருத்தரை பஸ் ஏத்திக் கொன்னுட்டாராமே என்று உன்னிடம் கேட்டாளாம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தி.நகரில் கிளம்பி லஸ், மந்தைவெளி, அடையாறு வழியாகத் திருவான்மியூர் போகும் வண்டி. இடது முழங்காலுக்குப் பக்கத்திலேயே இன்ஜின் கொதிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்ப தோள்பட்டை முழுக்க வேண்டும். அது பெரிதில்லை, பழகிவிடும். பழகாதது வாய்தான். நான் காலையில் சீட்டில் ஏறினால் இறங்கும்வரை யாராவது என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். குறுக்கே வந்து விழும் ஆட்டோக்காரன், நான்தான் சாவுகிராக்கி என்பான். படியில் தொங்கும் காலேஜ் பையன்கள் தகரத்தில் அடித்து, மாட்டு வண்டி ஓட்டப் போடா என்பார்கள். நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றால் என் அம்மாவை இழுப்பார்கள். லேட்டாகப் போய்ச் சேர்ந்தால் டைம்கீப்பர் எல்லார் முன்னாலும் கத்துவார். நான் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். சொன்னால் புகார், புகார் வந்தால் சஸ்பெண்ட். இறங்கி அடிக்கவும் முடியாது, வண்டியை விட்டுப் போகவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்து உங்களிடமும் குரல் உயர்த்தியதில்லை. நான் பொறுமைசாலி என்றுதான் நினைத்திருந்தேன். விழுங்கியதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று யோசித்ததே இல்லை.

எங்கள் டிரைவர்களுக்குள் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வண்டியில் ஆள் அடிபட்டால் நின்று பார்க்காதே. குதித்து ஓடு. பக்கத்திலிருக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய் விழு. தப்பிப்பதற்கில்லை, சரணடைவதற்கு. ஜனங்கள் கையில் சிக்கினால் அங்கேயே முடித்துவிடுவார்கள். புதிதாகச் சேருகிறவனுக்கு ரூட் காட்டும்போதே எந்த வளைவில் எந்த ஸ்டேஷன் என்று காட்டிவிடுவார்கள். கோயில் கோபுரத்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி, ஸ்டேஷன் போர்டைப் பார்த்தால் நாங்கள் மனதுக்குள் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வோம்.

குழாயில் காற்று மட்டும் வந்த கோடை அது, நினைவிருக்கும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, சைக்கிளில் கட்டி, மயிலாப்பூர் பக்கம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர். ஏழுமலை அப்படி ஒருவர். கேரியரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் தொங்க, முன்னால் ஒன்று பாரில் நிற்க, ஆளே தெரியாமல் வருவார்.

ஒரு நாள் சாயங்கால நேரம், வண்டி நிரம்பி வழிகிறது. லஸ் தாண்டி மந்தைவெளிப் பக்கம் வரும்போது ஒரு ஆட்டோ எனக்கும் அவருக்கும் நடுவில் புகுந்தது. சைக்கிள் ஆடியது. அது பஸ்ஸுக்கு முன்னால் இடது பக்கத்தில் மறைந்துபோனது. நான் பிரேக்கில் ஏறி நின்றேன். சக்கரத்துக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. பட்டென்று ஒன்று, உடனே இன்னொன்று. மண்டை உடைந்தால் இப்படித்தான் கேட்கும் என்று என் உடம்பே சொன்னது. சிவப்பாக ஏதோ தெறித்துக் கண்ணாடியில் வந்து அடித்து ஒட்டிக்கொண்டது. பெண்கள் அலறினார்கள். பின்னாலிருந்து கண்டக்டர் தனசேகர் கத்தினான், "குதி மாமே. போ, போ."

குதித்தேன். ஒரு செருப்பு படியிலேயே போய்விட்டது. ஸ்டேஷன் அதே ரோட்டில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பின்னால் கூச்சல் கிளம்பியது, பிடி, விடாதே, கொல்லு என்று. நான் எத்தனை வருஷமாக ஓடாதவன் என்று அப்போதுதான் தெரிந்தது. நாளெல்லாம் வண்டி ஓடுகிறது, நான் ஓடவில்லையே. பாதி தூரம் போவதற்குள் நெஞ்சுக்குள் யாரோ ஸ்பானரை விட்டுத் திருகினார்கள். இடது கை தோளிலிருந்து கழன்று விழுவதுபோல் கனத்தது. ஸ்டேஷன் வாசல் விளக்கு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முழங்கால் மடங்கி ரோட்டில் விழுந்தேன்.

வந்து சேர்ந்தார்கள். அதை உங்களுக்கு மென்மையாகச் சொல்ல வழியில்லை. முதல் அடி தலையில், எதனால் என்று தெரியாது. பிறகு முகத்தில் கை. அதற்குப் பிறகு எல்லாம் கால்கள்தான். செருப்புக்கால், வெறுங்கால், ரப்பர் செருப்பு. நான் நெஞ்சைப் பிடித்துச் சுருண்டிருந்தேன். விலாவில் உதைத்தது ஒரு ஷூக்கால். பழுப்பு ஷூ. வலது காலில் கறுப்பு நாடா, இடது காலில் வெள்ளை நாடா. ஒரு எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. அந்த ஷூவை எனக்குத் தெரியும். தினமும் காலையில் மந்தைவெளியில் ஏறி, என் பின்னால் இன்ஜினை ஒட்டிய சீட்டில் உட்காரும் ஆபீஸ்காரர். அந்த ஷூவை என் இன்ஜின் மூடியின் விளிம்பில்தான் வைத்துக்கொண்டு வருவார். அவர் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்து எத்தனையோ நாள் வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறேன். அவர் அடித்த அடியில்தான் எனக்குக் கோபம் வந்தது. மற்றவர்கள் யாரோ. இவர் என் பயணி.

அப்போது ஒரு குரல் கேட்டது. கரகரத்த குரல், வலியில் நடுங்கும் குரல்.

"யாருக்குடா நாயம் கேக்குறீங்க? செத்தவன் நான்தான? நான் இங்க கீறேன்."

தனசேகர் தோளில் தொங்கிக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, தலை முதல் கால் வரை நனைந்து நின்றார் ஏழுமலை. உடைந்தது குடங்கள்தான். கண்ணாடியில் ஒட்டியது சிவப்புக் குடத்தின் சில்லு. செத்தவனே வந்து நின்றதும் அடித்தவர்களுக்கு அடிக்கக் காரணம் இல்லாமல் போய்விட்டது. ஆளுக்கு ஒரு பக்கமாகக் கலைந்தார்கள். ஷூக்காரர் கீழே வைத்திருந்த டிபன் பையை எடுத்து, தூசி தட்டி, தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். பையைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் உதைக்க வந்திருக்கிறார்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் போட்டு தனசேகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் ஏழுமலை முனகியது காதில் விழுந்துகொண்டிருந்தது. என் கால் மேல சாயாத நைனா, அது ஏற்கெனவே போச்சு.

ஆஸ்பத்திரியில் முதலில் ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சிலும் கை கால்களிலும் ஒயர் ஒட்டி, இருதயம் அடிப்பதைக் கோடாக நீளக் காகிதத்தில் வரைவது. ஷாக் அடிக்குமோ என்று பயந்தேன். ஒன்றும் செய்யாது, பசைதான் சில்லென்று இருக்கும். காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மா மாரடைப்பு என்றார். இருதயமும் ஒரு தசைதான், அதற்கும் ரத்தம் போக வேண்டும், அதைக் கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டி உட்கார்ந்துவிட்டது, டீசல் போகும் பைப்பில் அழுக்கு அடைத்த மாதிரி. அந்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி உண்டு. சீக்கிரம் போட்டால் நல்லது. ஆனால் போட முடியாது என்றார்.

அம்மா அதற்குள் வந்துவிட்டாள். ஏன் போட முடியாது என்று சண்டைக்கு நின்றாள். டாக்டரம்மா அவளை உட்காரவைத்துச் சொன்னார். அந்த மருந்து நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று பார்க்காது. உடம்பில் எங்கெல்லாம் அடிபட்டிருக்கிறதோ அங்கெல்லாம் ரத்தத்தைத் திறந்துவிடும். தலையில் உதை விழுந்திருக்கிறது. மூளைக்குள் கசிந்தால் காப்பாற்ற முடியாது.

அம்மா சொன்னாள், "அடிச்சவன் மருந்தையும் சேத்துப் புடுங்கிக்கினானா."

ஆகவே நாக்குக்கு அடியில் மாத்திரை, சொட்டு சொட்டாக மருந்து, பிராணவாயு, மற்றபடி உடம்பே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். இருமினால் உடைந்த விலா குத்தும். மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சு இறுகும். வலி எங்கே என்று கேட்பார்கள். இருதயமா எலும்பா என்று எனக்கே தெரியாது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். ஒரு மத்தியானம் அவர் மிஷினில் கோடு பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. நர்ஸ் திரையை இழுத்தாள், முழுக்க மூடவில்லை. மார்பில் இரண்டு தட்டு வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். உடம்பு கட்டிலை விட்டு எழும்பி விழுந்தது. மறுபடி கொடுத்தார்கள். மறுபடி. பிறகு திரைக்குப் பின்னால் சத்தம் நின்றது. அந்தக் கட்டிலில் சாயங்காலம் வேறு ஒருவர் படுத்திருந்தார்.

வெளியே வராந்தாவில் அம்மா செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனால் இருக்கிற மருந்து கொஞ்சம், வெளியே வாங்கிவரச் சொல்லும் சீட்டு நிறைய. தனசேகர் டெப்போவில் வசூல் செய்து கண்டக்டர் பையோடு கொண்டுவந்து அவள் மடியில் கவிழ்த்தானாம். எல்லாம் சில்லறை. மருந்துக்கடைக்காரர் எண்ணி அலுத்துப்போய், இன்னாம்மா உண்டியல ஒடச்சியா என்று கேட்டிருக்கிறார். எனக்கு உப்பு கூடாது என்றதும் வீட்டுச் சமையலிலேயே உப்பை நிறுத்திவிட்டாள். பாபு, அந்த ரசத்தை நீ முகம் சுளிக்காமல் குடித்தாய் என்று சொன்னாள். உனக்குக் காரணமும் தெரியாது. அதை நான் மறக்கவில்லை.

என் கட்டிலருகிலும் ஒரு மிஷின் இருந்தது. இருதயம் அடிக்க அடிக்க டிக் டிக் என்று சத்தம் போடும். ஒரு காலையில் படுத்தபடியே ஷூக்காரரைக் கொன்றுகொண்டிருந்தேன். ஆமாம், மனசுக்குள். அவர் கழுத்தை இன்ஜின் மூடியில் வைத்து அழுத்தினேன். டயர் கழற்றும் லீவரால் அந்த இடது காலை உடைத்தேன். திரும்பவும் உடைத்தேன். மிஷின் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்தாள், பின்னாலேயே டாக்டரம்மா.

இப்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவர் இந்நேரம் ஆபீஸ்ல உக்காந்து காபி குடிச்சிட்டிருப்பார். நீங்கதான் இன்னமும் அவர்கிட்ட அடி வாங்கிட்டிருக்கீங்க."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வேலையைப் பற்றி விசாரித்தார். எல்லாம் கேட்டுவிட்டு விளக்கினார். கோபமோ பயமோ வந்தால் உடம்பு இரண்டே வேலைக்குத்தான் தயாராகும். அடிக்க, இல்லாவிட்டால் ஓட. அதற்காக இருதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கை கால் தசை முறுக்கேறும். மனிதன் அடித்தோ ஓடியோ முடித்துவிட்டால் எல்லாம் இறங்கிவிடும். நீங்கள் இரண்டும் செய்யாமல் சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏறியது இறங்குவதற்குள் அடுத்த ஆட்டோ வந்துவிடுகிறது. இதற்கு ஸ்ட்ரெஸ் என்று பேர். மன அழுத்தம் என்று எழுதுகிறார்கள். அழுத்தம் மனதோடு நின்றுவிடுவதில்லை, குழாய்களையும் கெடுக்கிறது. மாரடைப்புக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், கொழுப்பு உண்டு, பீடி உண்டு, பரம்பரை உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் இதுவும் உண்டு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கிளட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிப்பது. இன்ஜின் அலறும், வண்டி நகராது, உள்ளே எல்லாம் தேயும். இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். அப்ப கிளட்சை விடுங்க, நடங்க என்றார். கோபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. உடம்பு கேட்ட வேலையைத் தினமும் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள், அது அடங்கும் என்றார். இன்னொரு தடவை இதே மாதிரி ஆத்திரத்தில் குழாய் அடைத்தால் ஆஸ்பத்திரி வரை வருவீர்களா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதை அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். ஷூக்காரரை நினைத்தாலே மிஷின் தடதடக்கிறது. நேரில் பார்த்தால் உயிரோடு இருப்பேனா?

முதலில் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தேன். பிறகு வார்டு வாசல் வரை. வராந்தா முனைக்குப் போன அன்று எலும்பு முறிவு வார்டிலிருந்து கட்டுப்போட்ட காலோடு ஏழுமலை எதிரில் வந்தார், கக்கத்தில் கட்டை ஊன்றிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"கொடம் ஒடஞ்ச சத்தத்த என் மண்டன்னு நெனச்சிக்கினியா நைனா? என் மண்ட அவ்ளோ சத்தம் போடாது. உள்ள ஒண்ணும் இல்ல."

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டரம்மா சொன்னபடி தினமும் காலையில் நடக்க ஆரம்பித்தேன். இங்கேதான் ஒரு டிரைவர் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனத்தைச் செய்தேன். வெறுமனே நடக்க எனக்குத் தெரியவில்லை. ரூட் இல்லாமல் எப்படிப் போவது? மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை என் பஸ் போகும் வழியிலேயே போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கைக்கடிகாரம் பார்த்தேன். லேட்டானால் அடுத்த நிறுத்தத்துக்குள் ஈடுகட்டினேன். முன்னால் போகிறவர்களை ஓவர்டேக் செய்தேன். வழிவிடாதவர்களை மனதுக்குள் திட்டினேன். ஒரு நாள் எங்கள் டெப்போ வண்டி ஒன்று என்னைத் தாண்டியது. அதன் டிரைவர் தலையை நீட்டி, இன்னாண்ணே புல்லட் மாதிரி போறே என்றான். அவ்வளவுதான். சிக்னலுக்குள் அவனைப் பிடித்துவிடுவது என்று விரைந்தேன். அடையாற்றுப் பாலத்தின் நடுவில் ஸ்பானர் திரும்பவும் நெஞ்சுக்குள் நுழைந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாக்கடியில் மாத்திரை வைத்து, கீழே நாறும் தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். வலி போகும்வரை உங்களைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஈசிஜி. புதிதாக அடைப்பு இல்லை, உடம்பு எச்சரித்திருக்கிறது என்றார்கள். நீங்க நடக்கல, ட்ரிப் அடிச்சிருக்கீங்க என்று டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். ஒரு அளவு சொல்லிக்கொடுத்தார், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். பேச மூச்சு வரவில்லை என்றால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிகிறது என்றால் வேகம் போதாது.

யாரோடு பேசுவது? அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டாள். மறுநாள் காலையில் பட்டினப்பாக்கத்திலிருந்து ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். கட்டுப் பிரித்து, கம்பு ஊன்றி நொண்டிக்கொண்டிருந்தார். அந்தாளு காலுக்கு நீ, உன் நெஞ்சுக்கு அந்தாளு என்றாள்.

அப்படித்தான் இரண்டு பேரும் கடற்கரையோரம் நடந்தோம். அவரை முந்த முடியாது. முந்தினால், இன்னா நைனா, திரும்பவும் ஏத்தப் பாக்குறியா என்பார். எந்நேரமும் பேச்சு. தண்ணீர் லாரிக்காரர்கள், குழாயடிச் சண்டை, உடைந்ததற்குப் பதிலாக அவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்த குடங்கள். ஷூக்காரரைப் பற்றி நானும் சொன்னேன். பல நாள் சொன்னேன். முதலில் சொல்லும்போது கைகள் இறுகும், மூச்சு வாங்கும். அப்போதெல்லாம் ஏழுமலை கம்பால் மணலைக் காட்டுவார். மணலில் இறங்கி நடப்போம். மணல் காலை இழுக்கும், தொடை எரியும், வேர்வை கொட்டும். ஏறி வரும்போது கை திறந்திருக்கும். கோபம் போய்விட்டது என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தாகிவிட்டது. ராத்திரி தூக்கம் வந்தது. மாத்திரையும் விடவில்லை, நடந்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டெப்போவில் கொஞ்ச நாள் லேசான வேலை கொடுத்தார்கள். திரும்ப வண்டி எடுக்க டிரெட்மில் சோதனையில் தேற வேண்டும். ஒயர் ஒட்டிய மார்போடு ஓடும் பட்டையில் ஏறி நிற்க வேண்டும். பட்டை நகரும், நாம் இருந்த இடத்திலேயே ஓட வேண்டும், இருதயம் உழைக்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். பட்டை தடதடத்ததும் எனக்குக் கூட்டத்தின் காலடிகள் கேட்டன. உடம்பெல்லாம் வியர்த்தது. யாரும் துரத்தவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். பக்கத்தில் நின்ற டெக்னீஷியனிடம் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்தேன். அவர் ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம். தேறினேன்.

திரும்ப வண்டி எடுத்து சில நாளிலேயே அவர் ஏறினார். மந்தைவெளி நிறுத்தம். கண்ணாடியில் டிபன் பை தெரிந்தது. இன்ஜினை ஒட்டிய அதே சீட். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் மூடியின் விளிம்பில் பழுப்பு ஷூ வந்து உட்கார்ந்தது. இடது காலில் இன்னும் வெள்ளை நாடாதான்.

கழுத்து நரம்பு துடிப்பது எனக்கே கேட்டது. டயர் லீவர் என் சீட்டுக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில். லஸ் தாண்டினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று போனேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல் மரத்தது. தி.நகரில் எல்லாரும் இறங்கிய பிறகு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன டிரைவர், ரொம்ப நாளா ஆளையே காணோம்?"

"நெஞ்சு வலி சார்."

"அடடா. இந்தக் காலத்துல யாருக்குத்தான் டென்ஷன் இல்ல. எங்க ஆபீஸ்ல எனக்கு தினமும் மானேஜர்கிட்ட நடக்கறதச் சொன்னா நீங்க அழுதுருவீங்க. பாத்துக்குங்க."

அவருக்கு என்னை அடித்ததே நினைவில் இல்லையா, இல்லை நினைவிருந்துதான் பேசினாரா, எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்து, தாடை இறுகி இருந்தது. அதுவும் கிளட்சை அமுக்கிப் பிடித்த முகம்தான். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது, அவ்வளவுதான்.

அவர் போனதும் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்தேன். விறுவிறுவென்று, சுற்றிச் சுற்றி. டிக்கெட் கணக்கை முடித்துவிட்டு தனசேகர் படியில் வந்து நின்று பார்த்தான்.

"இன்னா மாமே, வண்டிய பிரதட்சணம் பண்ணிக்கினு கீறே?"

பதில் சொல்ல மூச்சு வரவில்லை. இன்னும் சுற்றினேன். மூச்சு வந்த பிறகு, அவர்தான் என்றேன். தனசேகரின் முகம் மாறியது. சீட்டுக்குப் பின்னாலிருந்த லீவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எடுக்கட்டா?"

"வேணாம். டைம் ஆச்சு, விசில் அடி."

செல்வி, பரீட்சைக்கு முன்னால் உனக்கு வயிறு கலங்குகிறது என்று அம்மா சொன்னாள். அப்போது புத்தகத்தை மூடிவிட்டு ஸ்கிப்பிங் ஆடு. பாபு, யாராவது உன்னை அடிக்க வந்தால் ஓடலாம், தப்பில்லை. ஓடக்கூடிய உடம்பை வைத்துக்கொள்.

மறுநாள் டூட்டிக்குப் போகும் முன், வெளிச்சம் அரைகுறையாக இருந்தபோது, நான் மட்டும் அந்த ரோட்டுக்குப் போனேன். ஏழுமலையிடமும் சொல்லவில்லை. நான் விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு பெட்டிக்கடைக்கு நேர் எதிரே. கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். ஸ்டேஷன் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பாக்கியிருந்த தூரம் அப்படியே கிடந்தது.

நடக்க ஆரம்பித்தேன். பிறகு மெதுவாக ஓடினேன். பேச மூச்சு இருக்கிறதா என்று பார்க்க உங்கள் இருவர் பேரையும் வாய்விட்டுச் சொன்னேன். இருந்தது. ஸ்டேஷன் கேட்டைத் தொட்டேன். இரும்பு பனியில் சில்லென்று இருந்தது. திரும்பி டெப்போவுக்கு நடந்தேன்.